‘ஈஆர் பாசிட்டிவ்’னா என்ன? மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னால் இருக்கும் மரபணு சுவிட்சுகள்

சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். ஏறக்குறைய 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது வரலாம்.

அம்மாவையோ பெரியம்மாவையோ மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும்: பயாப்ஸி அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலை நம் தலையில்தான் விழும். “ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்” என்று அதில் எழுதியிருக்கும். “பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?” என்று அம்மா கேட்பார். கோவிட் காலத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே பலருக்கும் பயம்.

இங்கே அது பெரும்பாலும் ஆறுதலான செய்தி. காரணம் புரிய, செல்லுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

*மரபணு இருந்தா போதாதா?*

உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ, சுமார் 20,000 மரபணுக்கள். ஆனாலும் மூளை செல் மூளை செல்லாகவும் மார்பக செல் மார்பக செல்லாகவும் இருக்கின்றன. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அதை முடிவு செய்யும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். ஆங்கிலத்தில் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடங்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, ஒரு மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படி எடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவை இவை. மனித உடலில் சுமார் 1,600 வகைகள் உண்டு. தலைப்பில் ‘சுவிட்ச்’ என்று போட்டிருந்தாலும், மின்விசிறியின் ரெகுலேட்டர் என்பதே இன்னும் பொருத்தம். கூட்டலாம், குறைக்கலாம்.

இப்போது அந்த அறிக்கைக்கு வருவோம். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பிஆர் என்பது புரொஜெஸ்டரோன் ஏற்பி. இரண்டுமே படியெடுத்தல் காரணிகள்தாம். ஹெர்2 மட்டும் வேறு ரகம். செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் புரதம் அது. மூன்றுமே இல்லாவிட்டால் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்பார்கள்.

*ஈஸ்ட்ரோஜன் உள்ளே போனதும் என்ன நடக்குது?*

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் நடுவே ஒரு சிறு குழி உண்டு. ஹார்மோன் அதற்குள் போய் உட்கார்ந்ததும், ஏற்பியின் ஓரத்தில் இருக்கும் ஒரு பகுதி மூடிபோல் மடங்கிக் குழியை அடைக்கிறது. அந்த மூடியின் மேல் வேறு சில துணைப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. பிறகு செல் பிரிவதைத் தூண்டும் மரபணுக்களிலிருந்து படிகள் எடுக்கப்படுகின்றன.

ஆரோக்கியமான மார்பகத்தில் இந்த ஏற்பி உள்ள செல்கள் அவ்வளவாகப் பிரிவதில்லை. பக்கத்துச் செல்களுக்குத் தகவல் அனுப்புவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். புற்றுநோயில் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. ஏற்பி உள்ள செல்லே ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலில் பிரிந்துகொண்டே போகிறது. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காடு இந்த வகை.

ஏற்பி தனியாள் இல்லை. டிஎன்ஏ இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருப்பதால், முதலில் யாராவது அதைத் திறந்துவிட வேண்டும். ஃபாக்ஸ்-ஏ1 என்ற இன்னொரு படியெடுத்தல் காரணி அந்த வேலையைச் செய்கிறது. காட்டா-3 என்பதும் கூட்டணியில் உண்டு.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் பங்கிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மனித டிஎன்ஏ-வில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று பயோபொலிஸில் உள்ள ஜீனோம் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வரைபடம் போட்டார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் 1,234 இடங்கள் பட்டியலிடப்பட்டன. பெரும்பாலானவை மரபணுவின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் இல்லை, எங்கோ தூரத்தில் இருந்தன. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கட்டுப்படுத்த முடியும்? டிஎன்ஏ வளைந்து, தொலைவிலுள்ள இரண்டு பகுதிகளை நேருக்கு நேர் கொண்டுவருகிறது என்பதை அதே நிலையத்தின் 2009 ஆய்வு காட்டியது.

இரண்டு ஆய்வுகளுக்கும் பயன்பட்டவை எம்சிஎஃப்-7 எனும் செல்கள். 1970இல் அமெரிக்காவின் மிச்சிகனில், நோய் முற்றிய ஒரு கன்னியாஸ்திரியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்களின் வாரிசுகள் அவை. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இன்னமும் வளர்க்கப்படுகின்றன.

*கருத்தடைக்காகச் செஞ்ச மாத்திரை*

ஈஆர் பாசிட்டிவ் ஏன் ஆறுதலான செய்தி? அந்தக் குழியை நம்மால் அடைக்க முடியும் என்பதால்தான்.

1896இலேயே ஸ்காட்லந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றினால் சில நோயாளிகளின் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதியிருந்தார். காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் போய் ஓர் ஏற்பியுடன் இணைகிறது என்பதை 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டறிந்தார்.

1962இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் ஒரு மருந்தைத் தயாரித்தார். நிறுவனம் தேடியது கருத்தடை மாத்திரை. எலிகளில் பலித்தது, பெண்களிடமோ கருமுட்டை வெளியேறுவதை அது தூண்டியது! கருத்தடைக்கு உதவாத அந்த மருந்து மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 1971இல் முடிவுகள் வெளியாயின. அதுதான் டாமாக்சிஃபென்.

ஹார்மோன் உட்கார வேண்டிய குழியில் டாமாக்சிஃபென் உட்கார்ந்துகொள்கிறது. அதன் உருவம் சற்றுப் பெரியது என்பதால் மூடி சரியாக மூடுவதில்லை. துணைப் புரதங்கள் வந்து ஒட்ட இடமில்லை. ஏற்பி டிஎன்ஏ-வில் இருந்தும் வேலை நடப்பதில்லை.

ஐந்தாண்டுகள் டாமாக்சிஃபென் சாப்பிட்ட ஈஆர் பாசிட்டிவ் பெண்களிடையே, முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஈஆர் நெகட்டிவ் என்றால் பலன் இல்லை. அந்த ஒரு வரிக்கு அறிக்கையில் இத்தனை முக்கியத்துவம் இருப்பது அதனால்தான்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவையும் தரப்படும். அவை குழியை அடைப்பதில்லை. உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கின்றன.

ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் தினமும் மாத்திரை. திடீரென்று உடம்பு கொதிப்பதுபோல் இருக்கும், மூட்டு வலிக்கும். “அதான் ஆபரேஷன் முடிஞ்சிருச்சே, இது எதுக்கு?” என்று வீட்டில் சத்தமில்லாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. உடலில் எங்கோ ஒளிந்திருக்கக்கூடிய ஒன்றிரண்டு செல்களின் ஏற்பிகளையும் அடைத்து வைக்கத்தான் அந்த மாத்திரை. பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது.

*அப்புறமும் ஏன் திரும்ப வருது?*

சில நேரம் புற்றுநோய், ஏற்பியின் மரபணுவையே மாற்றிக்கொள்கிறது. ஈஎஸ்ஆர்1 என்ற அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், ஹார்மோன் இல்லாமலேயே மூடி தானாக மூடிக்கொள்ளும். நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவி, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்தை நீண்டகாலம் எடுத்தவர்களிடம் இது அதிகம் தென்படுகிறது. இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கென எலசெஸ்டிரன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2023 ஜனவரியில் அனுமதி தந்தது. அது ஏற்பியை அடைப்பதோடு நிற்காமல் அழிக்கவும் வைக்கிறது.

*மற்ற காரணிகளுக்கு மருந்து இல்லையா?*

2012இல் அமெரிக்காவின் பெரிய மரபணு ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய்களில் 10 விழுக்காட்டுக்கும் மேல் பழுதாகியிருப்பவை மூன்றே மரபணுக்கள் என்றது. அவற்றில் இரண்டு படியெடுத்தல் காரணிகளுக்கானவை: மேலே பார்த்த காட்டா-3, இன்னொன்று பி53.

பி53 காவல்காரன் மாதிரி. டிஎன்ஏ சேதமடைந்தால் செல் பிரிவதை நிறுத்தும், தேவைப்பட்டால் செல்லையே சாகவைக்கும். 1979இல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் சிங்கப்பூரிலும் ஆய்வகம் நடத்தியவர். முதல் பத்தாண்டு, பி53 புற்றுநோயை வளர்க்கும் புரதம் என்றே அறிவியலாளர்கள் நினைத்தார்கள், உண்மை நேர்மாறு. டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது இதுதான்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குக் குழி இருக்கிறது, மருந்து போய் உட்கார இடம் கிடைத்தது. பெரும்பாலான படியெடுத்தல் காரணிகளில் அப்படியொரு குழி இல்லை. அத்தோடு, பி53 விஷயத்தில் ஓடுவதை நிறுத்துவது அல்ல, உடைந்ததைத் திரும்ப ஓடவைப்பதே தேவை. அது இன்னும் சிரமம்.

*சோயா பால் குடிக்கலாமா?*

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற தாவரப் பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தௌ ஹுவேயைக்கூட ஒதுக்குபவர்கள் உண்டு.

அந்தப் பொருள் ஏற்பியுடன் இணைவது உண்மை. ஆனால் ஈஸ்ட்ரோஜனைவிட மிகப் பலவீனமாக, அதுவும் புற்றுநோய் செல்களில் வேலை செய்யும் ஆல்ஃபா வகையைவிட பீட்டா எனும் வேறு வகையோடுதான் அதிகம் இணைகிறது. ஷாங்காயில் நோயிலிருந்து மீண்ட 5,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை, குறைவாகவே இருந்தது.

தௌ ஹுவே, சோயா பால், டோஃபு எல்லாம் வழக்கமான அளவில் பரவாயில்லை. கடையில் விற்கும் அடர்த்தியான சோயா சத்து மாத்திரைகள் வேறு. அவற்றை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.