'வேலைய விட்டு தூக்கிட்டாங்க': லே-ஆஃப், ஆட்குறைப்பு, டிஸ்மிஸ், ராஜினாமா எல்லாம் ஒன்றா?

"லே-ஆஃப் பண்ணிட்டாங்க", "தூக்கிட்டாங்க", "பேப்பர் போடச் சொல்லிட்டாங்க". அலுவலக கேன்டீனில் இந்த மூன்றையும் ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறோம். வேலை போச்சு, அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை வெவ்வேறு விஷயங்கள். உங்கள் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கைக்கு வரும் பணம் சில லட்சங்கள் வரைகூட மாறலாம்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த வரையறைகள், பெரும்பாலும் அப்படியே 2020-இல் நிறைவேற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்கு வந்திருக்கின்றன. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

லே-ஆஃப் என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. சட்டப்படி லே-ஆஃப் என்பது தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. மின்சாரம் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, இயந்திரம் பழுது, சரக்கு தேங்கிவிட்டது, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் நிறுவனம் வேலை தர இயலாமல் போவது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டையும் சேர்த்து அதில் 50% இழப்பீடாகத் தர வேண்டும். இந்த இழப்பீட்டு விதி 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகள், சுரங்கங்கள், தோட்டங்களுக்கானது.

அப்படியானால் ஐடி நிறுவனங்களில் 'லே-ஆஃப்' என்று சொல்கிறார்களே? அது அமெரிக்கப் பேச்சுவழக்கு. அங்கே நடப்பதைச் சட்டம் வேறு பெயரில் அழைக்கிறது.

ஆட்குறைப்பு என்றால்?

ரிட்ரென்ச்மென்ட். ஒழுங்கு நடவடிக்கையாகத் தரும் தண்டனை தவிர்த்து, வேறு எந்தக் காரணத்துக்காக நிறுவனம் ஒருவரை அனுப்பினாலும் அது ஆட்குறைப்புதான். தானாக விருப்ப ஓய்வு பெறுவது, ஓய்வு வயது, ஒப்பந்தக் காலம் முடிவது ஆகியவை இதில் சேராது.

ஓராண்டு தொடர் பணி முடித்தவருக்கு இதில் கிடைக்க வேண்டியவை:

- காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான ஊதியம்
- முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதிக் காலமும் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும்
- புதிய தொகுப்பின்படி, மறுதிறன் நிதியில் இருந்து மேலும் 15 நாள் ஊதியம்

ஓர் உதாரணம் பார்ப்போம். மாத ஊதியம் 30,000 ரூபாய், பணிக்காலம் 6 ஆண்டு 7 மாதம். இது 7 ஆண்டாகிறது. ஆண்டுக்கு அரை மாதம் என்று வைத்தால் தோராயமாக 1,05,000 ரூபாய் இழப்பீடு. நோட்டீஸ் தராவிட்டால் இன்னொரு 30,000. மறுதிறன் நிதி 15,000. மொத்தம் சுமார் ஒன்றரை லட்சம்.

பொதுவாக, கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பதும் விதி. 300 பேருக்குக் குறையாத தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்றால் அரசின் முன் அனுமதியும் தேவை. பழைய சட்டத்தில் இந்த எண்ணிக்கை 100-ஆக இருந்தது.

டிஸ்மிஸ், சஸ்பெண்ட்?

டிஸ்மிஸ் என்பது தண்டனை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம் கேட்பது, விசாரணை எல்லாம் நடந்த பிறகே செய்ய முடியும். சஸ்பெண்ட், அதாவது பணியிடை நீக்கம், விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பது மட்டுமே. 'பணிநீக்கம்', 'பணியிடை நீக்கம்' இரண்டையும் செய்திகளில்கூடக் குழப்பிக்கொள்கிறார்கள். சஸ்பெண்ட் ஆனவர் இன்னும் ஊழியர்தான். முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் 50% பிழைப்பூதியம் உண்டு. அவர் மீது தவறில்லாமல் விசாரணை இழுத்தடித்தால் அதன் பிறகு 75%.

மத்திய அரசுப் பணியில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. 'ரிமூவல்' ஆனவர் மீண்டும் அரசு வேலைக்கு முயலலாம். 'டிஸ்மிஸல்' ஆனவருக்குச் சாதாரணமாக அந்தக் கதவு மூடிவிடும்.

'நீங்களே பேப்பர் போட்டுடுங்க' என்றால்?

இங்கேதான் கவனம் வேண்டும். ராஜினாமா என்றால் நீங்களாக விலகியதாகக் கணக்கு. மேலே சொன்ன இழப்பீடு, நோட்டீஸ், மறுதிறன் நிதி எதுவும் வராது. 'எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கிளீனா இருக்கும்' என்று சொல்லித்தான் பெரும்பாலும் கேட்பார்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாட முடியும். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

அதனால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டாம். 'நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, என்னை விலகச் சொல்கிறீர்கள்' என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைச் சொந்த முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாவால் போகாதவையும் உண்டு. பிஎஃப் பணம் உங்களுடையது. ஐந்தாண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் உண்டு. புதிய விதிப்படி, எந்த வகையில் வெளியேறினாலும் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

'மேனேஜர்' என்று கார்டில் போட்டிருக்கிறதே?

ஆட்குறைப்புப் பாதுகாப்பு 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் உள்ள பெயர் இதை முடிவு செய்வதில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கீழே ஒருவர்கூட இல்லாத, விடுப்பு அனுமதிக்கும் அதிகாரமும் இல்லாத 'மேனேஜர்', தானும் தொழிலாளியே என்று வாதாட முடியும்.

எங்கே முறையிடுவது?

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாட்களில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதற்கு இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. மனுவில் 'தூக்கிட்டாங்க' என்று பொதுவாக எழுதாமல், நடந்தது ஆட்குறைப்பா, தண்டனையா, கட்டாய ராஜினாமாவா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். எந்த விதி பொருந்தும் என்பது அதிலிருந்துதான் தொடங்குகிறது.