சொல்லை எண்ணி ஆளைப் பிடித்த கதை

பெயர் போடாத எழுத்தை எழுதியவர் யார்? படித்தவர்கள் நடையை மோந்து பார்த்து ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிவந்த காலத்தில், ‘எண்ணிப் பார்த்தால் என்ன?’ என்று கேட்டவர் ஒரு கணக்கு வாத்தியார். பெயர் அகஸ்டஸ் டி மார்கன். 1806இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதால் நாம் அதிகம் உரிமை கொண்டாட முடியாது.

பைபிளில் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் பவுல் எழுதியதுதானா என்பது பழைய வழக்கு. 1851இல் பாதிரியாரான நண்பர் ஒருவருக்கு டி மார்கன் எழுதிய கடிதத்தில் அதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு சொல்லுக்குச் சராசரியாக எத்தனை எழுத்து என்று கணக்கிடுங்கள். ஒரே ஆள் இரண்டு விஷயங்களை எழுதினாலும் சராசரி ஒத்துவரும். இரண்டு பேர் ஒரே விஷயத்தை எழுதினால் அவ்வளவு ஒத்துவராது. யோசனை சொன்னாரே தவிர, பெரிய அளவில் அவர் செய்து பார்க்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1882இல், மனைவி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கடிதம் அச்சேறியது.

அதைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்க இயற்பியலாளர் தாமஸ் மெண்டன்ஹால். சராசரி போதாது என்று, ஓரெழுத்துச் சொல் எத்தனை, ஈரெழுத்துச் சொல் எத்தனை என்று எண்ணி வளைகோடாக வரைந்தார். 1901இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது தத்துவ அறிஞர் பேக்கன்தானா என்ற சர்ச்சைக்குள் இறங்கினார். பாஸ்டன் செல்வந்தர் ஒருவர் பணம் கொடுக்க, இரண்டு பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏறக்குறைய 20 லட்சம் சொற்களை எண்ணினார்கள். பேக்கன் ஒத்துவரவில்லை. ஆனால் நாடக ஆசிரியர் மார்லோவின் வளைகோடு ஷேக்ஸ்பியருடையதோடு அச்சாகப் பொருந்தித் தொலைத்தது! போதாததற்கு, பேக்கன் எழுதியது உரைநடை, ஷேக்ஸ்பியர் எழுதியது பெரும்பாலும் செய்யுள். எழுதும் வகை மாறினாலே வளைகோடு மாறும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

எண்ணுவதில் பிழையில்லை, எண்ணிய பொருளில்தான் பிழை. அது புரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787-88இல் 85 கட்டுரைகள் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வந்தன. எழுதியவர்கள் அரசியல் தலைவர்களான ஹாமில்டன், மாடிசன், ஜே. அவற்றில் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா மாடிசனுடையவையா என்ற தகராறு தீரவேயில்லை. புள்ளியியலாளர் பிரெடரிக் மாஸ்டெல்லர் 1941இல் வாக்கிய நீளத்தை அளந்து பார்த்தார். சராசரியில் ஹாமில்டனுக்கு 34.55 சொல், மாடிசனுக்கு 34.59. இதை வைத்து என்ன தீர்ப்புச் சொல்வது? பிறகு வரலாற்றாசிரியர் ஒருவர் ஒரு துப்புக் கொடுத்தார்: ஹாமில்டன் ‘ஒயில்’ (while) என்று எழுதும் இடத்தில் மாடிசன் ‘ஒயில்ஸ்ட்’ (whilst) என்பார். மாஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் அந்தத் துப்பைப் பிடித்துப் போனார்கள். ‘அப்பான்’ (upon) என்ற சின்னச் சொல் ஹாமில்டனிடம் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் மூன்று முறை வந்தது, மாடிசனிடம் அபூர்வம். ஒவ்வொரு சொல்லையும் துண்டுச்சீட்டில் ஏற்றி எண்ணினார்கள். பலமாக மூச்சுவிட்டால் சீட்டெல்லாம் பறந்துவிடுமாம். 1964இல் புத்தகமாக வந்த முடிவு: பன்னிரண்டுமே மாடிசனுடையவை.

எழுத்தாளன் பெருமைப்படுவது அவனுடைய உவமையையும் கருத்தையும் பற்றி. அவற்றை இன்னொருவன் திருடலாம், பாவனை செய்யலாம். எத்தனை தடவை ‘ஆனால்’ போட்டோம் என்று எழுதியவனுக்கே தெரியாது. அவனைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

பாரதி நடத்திய ‘இந்தியா’ பத்திரிகையிலும் பெயரில்லாத கட்டுரைகள் உண்டு. அவற்றை எழுதியவரையும் இப்படி எண்ணித் தேடலாம். ஆனால் தமிழில் ‘உம்’, ‘தான்’, ‘ஏ’ எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வதால் முழுச்சொல்லை மட்டும் எண்ணினால் போதாது, வாலையும் பிரித்து எண்ண வேண்டும். தமிழ்த் துறையும் புள்ளியியல் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள கல்லூரிகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. இரண்டு துறைப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.