செம்பனை வணிகமும் கரிமக் கணக்கும்: வட சிலாங்கூரை முன்வைத்து

அயல்முதலீடு கரிம உமிழ்வைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? கட்டுப்பாடு தளர்ந்த நாடுகளுக்கு மாசுத் தொழில் குடிபெயர்கிறது என்பது ஒரு கட்சி. முதலீட்டோடு தூய தொழில்நுட்பமும் வருகிறது என்பது மறுகட்சி. இரு தரப்பும் பெரும்பாலும் ஒரு நாட்டின் உமிழ்வை ஒரே தொகையாகக் கொண்டு வாதிடுவதால், பயிர் நிற்கும் மண் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. மலேசியாவின் வட சிலாங்கூரில் அந்த மண்ணே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத்தில், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியேயின் முயற்சியில் உருவானது. 1960களுக்குப் பிறகு பழைய பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடுவது தோட்டப்புறமெங்கும் பரவியது. பால் வெட்டிய தமிழர் குலை வெட்டக் கற்றனர். எண்ணெய் அயல்நாட்டு அடுப்படிகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போயிற்று; உமிழ்வோ விளைந்த நாட்டின் பேரில் பதிவாகிறது.

கெர்லிங் போன்ற மலையடிவாரக் கனிம மண்ணில் ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை நடும்போது காடு புதிதாக அழிவதில்லை. கடலோரச் சமவெளியின் பீட் சதுப்பில் நிலைமை வேறு. அங்கே நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் இறங்கியதும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மட்கு காற்றுப் பட்டுச் சிதைகிறது. தரை தாழ்கிறது, வேர் வெளியே தெரிகிறது, மரம் சாய்கிறது. இத்தகைய செம்பனை நிலத்துக்கு ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி தரும் மதிப்பீடு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 டன் கார்பன். கரியமில வாயுவாகச் சுமார் 40 டன்.

1981 செப்டம்பரில் மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியை இலண்டன் பங்குச் சந்தையில் வாங்கியபோது அதன் தோட்ட உடைமை மலேசியர் கைக்கு வந்தது. ஆனால் உடைமை கைமாறுவதால் வடிகாலின் நீர்மட்டம் உயர்ந்துவிடாது. எனவே முதலீடு எந்த நாட்டுடையது என்பது உமிழ்வை விளக்கப் போதாது.

வணிகத்தால் நன்மையும் விளைந்துள்ளது. கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சித் திட்டம், ஆலைக் கழிவுநீர்க் குட்டைகளில் எழும் மீத்தேனைப் பிடிக்கும் வசதிகளுக்கு அயல்நிதி கொண்டுவந்தது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டுவது என்பதால் இது சிறு பயனன்று. நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பும் 2018 முதல் தன் உறுப்பினர்கள் பீட் நிலத்தில் புதிதாக நடுவதைத் தடுத்துள்ளது; மறுநடவுக்கு முன் வடிகால் நிலையை ஆராயவும் சொல்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்பு விதி இவ்வளவு தூரம் செல்லவில்லை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்டதா என்று அது கேட்கிறது. அதற்கு முன்பே வடிக்கப்பட்ட சதுப்பு இன்றும் உமிழ்வதை அது அளப்பதில்லை. பீட் நிலத் தோட்டம் ஒன்று அந்தத் தேர்வில் தேறிக்கொண்டே கரிமத்தை வெளியிட முடியும்.

ஆகவே வணிக விதிகள் நீர்மட்டத்தையும் அளவுகோலாக்க வேண்டும். செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மறுநடவே வாய்க்காலை அடைத்துச் சதுப்பை மீட்க ஏற்ற தருணம். அதற்கான செலவையும், வேலை இழக்கும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வாதாரப் பொறுப்பையும் எண்ணெயை வாங்கும் நாடுகளும் ஏற்பதே நியாயம். நூறாண்டுகளாக அதன் பயனை நுகர்ந்தவர்களில் அவர்களும் உண்டு.