கந்தலில் எழுதிய சரித்திரம்

எங்கள் வீட்டில் புடவைக்கு மறுபிறப்பு உண்டு. கட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கும் வரை அதற்கு ஒரு மரியாதை. கிழிந்த பிறகு அதைவிட அதிக மரியாதை. நாலைந்து பழம்புடவைகளை மடித்து அடுக்கி, ஓரங்களைத் தைத்து, நடுவிலும் வரிவரியாக நூலோட்டி என் பாட்டி ஒரு விரிப்புச் செய்வாள். பிறந்த குழந்தை முதலில் படுப்பது அதன்மேல்தான். புதுத்துணி உறுத்தும் என்பாள். "இது உன் அத்தை தலை தீபாவளிக்குக் கட்டினது, இது என் மாமியாரோடது" என்று ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துக் காட்டுவாள். பாட்டி போனாள்; சில வருஷங்களில் விரிப்புகளும் போயின. எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, கையில் இருந்த ஒரே ஆதாரத்தைத் தொலைத்துவிட்டோமே என்று தோன்றியது.

கந்தல் என்று நாம் சொல்லும்போது அதில் கொஞ்சம் அருவருப்புக் கலந்திருக்கிறது. நம் கந்தைக்கு உறவான கந்தா என்ற சொல்லை வங்காளத்தார் வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் பூவும் மீனும் தேருமாக அவர்கள் தைக்கும் போர்வைக்கு அதுதான் பெயர். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அதைவிடத் தொலைவில் உள்ள ஓர் ஊரின் கதை. அந்த ஊரார் கந்தலைத் தொலைக்கவில்லை.

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா ராஜ்யத்தில், அலபாமா நதி ஒரு கொக்கிபோல் வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்ற கிராமம் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். 1816-இல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை போட்டார். 1845-இல் அது மார்க் பெட்வே என்ற உறவினர் கைக்கு மாறியது. பெட்வே தம் அடிமைகள் நூறு பேரை வட கரோலினாவிலிருந்து நடத்தியே அழைத்து வந்தார். விடுதலை வந்த பிறகும் அவர்களில் பலருக்கு எஜமானின் குடும்பப்பெயரே நிலைத்தது. இன்றைக்கும் ஊரில் பலர் பெட்வேதான். விடுதலை கிடைத்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை. அதே மண்ணில் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டு, அதே கடன் கணக்கில் மூழ்கிக் கிடந்தார்கள்.

1932-இல் நடந்ததைப் படித்தபோது எனக்கு நம் பக்கத்து ஜப்திகள் நினைவுக்கு வந்தன. அந்த ஊருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வியாபாரி இறந்துபோனார். பாக்கியை வசூலிக்க அவர் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் கோவேறு கழுதை, மாடு, கலப்பை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரையில் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவைக் கொண்டு ஊர் தாண்டியது.

மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள். இடுக்கு வழியே காற்று வரும். சுவரில் பழைய பத்திரிகைகளை ஒட்டுவார்கள்; குழந்தைகள்மேல் போர்வைக்கு மேல் போர்வையாக அடுக்குவார்கள். போர்வைக்குத் துணி? நைந்துபோன வேலைச் சட்டை, முழங்கால் தேய்ந்த டெனிம் கால்சட்டை, மாவுச் சாக்கு, உரச் சாக்கு. அவற்றைக் கிழித்துப் பட்டை பட்டையாக இணைத்து, உள்ளே அடித்துப் பதப்படுத்திய பருத்தியை வைத்து, அடித்துணி சேர்த்து மூன்றையும் நூலோட்டித் தைத்தார்கள். நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை வளர்ப்பது ஒரு முறை; அதற்குக் 'கூரை முகடு' என்று பெயர். நீளவாட்டில் பட்டைகளை வரிசையாகத் தைத்து முடிக்கும் இன்னொன்றைச் 'சோம்பேறிப் பெண்' என்றார்கள்! பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு இரவில் ஊசி பிடித்தவர்களுக்கு இந்தக் கேலி பேச உரிமை உண்டு.

1941-இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் இறந்தார். மறு வருஷம் அவள் அவருடைய வேலைத் துணிகளையெல்லாம் எடுத்தாள். மூத்த மகள் ஆர்லோன்சியாவும் கூட உட்கார்ந்து கிழித்துக் கொடுத்தாள். அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்புக்குள் படுத்துக்கொள்ளவும் ஒரு போர்வை வேண்டும் என்று தாய் சொன்னதாகப் பின்னாளில் மகள் சொல்லியிருக்கிறாள். இப்படிப்பட்ட வேலைத்துணிப் போர்வைகளை உற்றுப் பார்த்தால், பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும். முழங்கால் இருந்த இடம் வெளிறிக் கிடக்கும். ஒரு மனிதன் எங்கே மண்டியிட்டான், எங்கே கையை வைத்துக்கொண்டான் என்பதைச் செப்பேடு சொல்லுமா?

ரூஸ்வெல்ட் காலத்தில் அரசாங்கம் அந்தப் பண்ணையை வாங்கி, வீடு கட்டி, 1940-களில் குத்தகைக்காரர்களுக்கே நிலத்தை விற்றது. சொந்த நிலம் வந்ததால் முதுகெலும்பும் வந்தது. அறுபதுகளில் ஓட்டுரிமை கேட்டு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள காம்டன் நகரத்துக்குப் போகத் தொடங்கினார்கள். 1962-இல் ஓடம் நிறுத்தப்பட்டது. நிமிஷக் கணக்கில் கடந்த ஆற்றைச் சாலை வழியே சுற்றி வர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசினார். நிறுத்திய ஓடம் மறுபடி விடப்பட்டது 2006-இல்! நாற்பத்து நாலு வருஷம்.

அந்தப் போராட்ட நாட்களில்தான், கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு பிரமித்த பாதிரியார் ஒருவரின் தூண்டுதலால் 1966-இல் 'விடுதலைப் போர்வைக் கூட்டுறவு' பிறந்தது. ஓட்டுரிமை கேட்டதற்காகக் குடியிருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்ட சில குடும்பங்களுக்குச் சங்கம் தன் நிலத்திலேயே மனை கொடுத்தது. கிழிந்த சட்டை தைத்தவர்கள் மனை கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளுகிறேன். 1972-இல் ஸியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. கம்பெனிக்கு எல்லா உறையும் ஒரே அச்சாக இருக்கவேண்டும். அதில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்கு வந்தன. அவற்றில் பெண்கள் தங்கள் மனம்போலத் தைத்துக்கொண்டார்கள்.

2002-இல் ஹூஸ்டன் கலைக்கூடத்திலும், பிறகு நியூயார்க் விட்னி கலைக்கூடத்திலும் அந்தப் போர்வைகள் சுவரில் தொங்கின. நவீன ஓவியத்துக்குச் சமமென்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2006-இல் தபால் தலையும் வந்தது. மறு வருஷமே, லாபத்தில் எங்கள் பங்கு எங்கே என்று தைத்தவர்களில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008-இல் அது சமரசமாக முடிந்தது. கொண்டாட்டத்தைவிட இந்த வழக்கே எனக்குப் பிடித்திருக்கிறது. கலை என்று சொல்லிவிட்டால் கூலி கேட்கக்கூடாது என்று நினைக்கிற உலகம் இது. எழுதிப் பிழைப்பவனுக்கு அது தெரியாதா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவள் வந்தாள். என் தகப்பனாரின் காலர் கிழிந்த கதர்ச் சட்டையை எடுத்துக்கொண்டு மனைவி வந்து, "போட்டுவிடலாமா?" என்றாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

"வைத்துக்கொண்டு? நம் வீட்டில் இப்போது யாருக்குத் தைக்கத் தெரியும்?"

பதில் தெரியவில்லை. சட்டையை வாங்கி என் மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.