புளியமரத்தடியில் ஒரு கெத்சமனே

பலெர்மோவில் எங்கள் லிபெர்த்தா பகுதிக்கு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வந்து பாருங்கள். தெருவில் தமிழ்ப் பெண்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிவார்கள். வீட்டுவேலை செய்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு வியாழன் பின்னேரமும் ஓய்வு கொடுப்பது இத்தாலியின் பழைய வழக்கம். விய்யா லிபெர்த்தா வீதியின் பெரிய அடுக்குமாடிகளில் வயதானவர்களைப் பராமரிக்கும் எங்கள் அம்மாமார், அன்ரிமாருக்கு வாரத்தில் கிடைக்கும் சொந்த நேரம் அது.

நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பின்னேரங்களில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். கத்தோலிக்கர், தென்னிந்திய திருச்சபைக்காரர், பெந்தெகொஸ்தே சபைக்காரர் என்று எல்லோரும் இருப்பார்கள். ஊரில் என்றால் ஒரே கூரையின் கீழ் இருந்து ஜெபித்திருப்பார்களோ தெரியாது. இங்கே ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பாயில் இருந்தார்கள்.

எனக்குப் பதினாறு வயதான வருடம், பெரிய வியாழனன்று, ஒரு அன்ரி சிலுவையைப் பற்றிக் கதைத்தார். "சிலுவை தற்செயலா நடந்ததில்லை. எல்லாம் தேவனுடைய திட்டம்" என்றார். மூலையில் இருந்த இன்னொரு அன்ரி மெல்லக் கேட்டார்: "அப்ப என்ர பிள்ளை காணாமல் போனதும் அவற்ற திட்டமோ?"

2009இல் வன்னியில் அவருடைய மகன் காணாமல் போயிருந்தான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அம்மா எழும்பிக் குசினிக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல வருடம் கழித்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் சிலரின் வரலாற்றை வாசித்தபோதுதான் அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று கொஞ்சம் விளங்கியது. அவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். எருசலேமில் பேதுரு முதன்முதலாக மக்கள் முன் பேசியதை அப்போஸ்தலர் நடபடிகள் பதிவு செய்திருக்கிறது. அதில் அவர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறார். இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவன் முன்பே தீர்மானித்தது என்கிறார். அதே நேரம், நீங்கள்தான் அக்கிரமக்காரரின் கைகளால் அவரைக் கொன்றீர்கள் என்றும் சொல்கிறார். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை அவர் மன்னித்து விடவில்லை. பிலாத்து செய்தது அநியாயம்தான். யூதாஸ் செய்தது துரோகம்தான். தேவன் அந்த அநியாயத்தைவிடப் பெரியவர் என்பதுதான் விசுவாசம். அநியாயம் நியாயமாகிவிட்டது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கூட்டத்தில் முதல் பாதியை மட்டும் சொன்னோம். அதனால்தான் அந்த அன்ரிக்கு அது கல்லைப்போல் விழுந்தது.

இனி டோனாவூர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள ஊர். அந்தப் பெயர், அங்கே கோயில் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரிலிருந்து வந்தது. வட அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் 55 வருடங்கள், இறக்கும்வரை, ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை.

ஏமியைப் பற்றி எழுதுபவர்கள் பலர் அவரை மட்டும் எழுதுவார்கள். ஆனால் அவர் தனியாக எதையும் செய்யவில்லை. ஆரம்பத்திலேயே தமிழ்ப் பெண்களின் ஒரு சிறு குழு அவரோடு இருந்தது. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். ஊரார் அவர்களை நட்சத்திரக் கூட்டம் என்ற பொருளில் அழைத்தார்கள். அந்தக் குழுவின் தூண் பொன்னம்மாள். இளம் விதவை. கணவன் இறந்தபின் புகுந்த வீட்டில் ஒடுங்கிக் கிடந்தவர், வெளியே வந்து இந்த வேலையில் சேர்ந்தார். தம்முடைய நகைகளைக் கழற்றி வைத்தார். நகையில்லாத பெண்ணை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள்.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயில் பெண்களின் வீட்டிலிருந்து தப்பி, பண்ணைவிளையில் இருந்த ஏமியிடம் வந்து சேர்ந்தாள். அவளைப் ப்ரீனா என்று அழைத்தார்கள். முன்பு ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிப்போனபோது தாயே திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு வைத்திருந்தார்கள். இப்படிக் கோயிலுக்கென்று கொடுக்கப்படும் குழந்தைகளைப் பற்றி ஏமிக்கு அவள் வாயால்தான் தெரிய வந்தது. அதே வருடம் அவர்கள் டோனாவூருக்குப் போனார்கள். அதன்பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

கவனியுங்கள். தேவன் சிலுவையையும் ஆளுகிறார் என்று அந்தப் பெண்கள் உறுதியாக நம்பினார்கள். ஆனால் "இது உன் விதி" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லவில்லை. வண்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கூட்டி வந்தார்கள். வழக்குகளும் பழிச்சொற்களும் வந்தன.

இந்த வரலாற்றை வெள்ளைக்காரப் பெண் தமிழ்க் குழந்தைகளைக் காப்பாற்றிய கதையாக மட்டும் வாசிக்க வேண்டாம். அது ஆங்கிலேயர் ஆண்ட காலம். அந்த அதிகாரத்தின் நிழல் மிஷனரிகள் மேலும் விழுந்தது. தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழிக்கப் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் வந்தது.

தேடிப்போன குழந்தைகள் எல்லோரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் எல்லோரும் பிழைக்கவுமில்லை. ஒரு நாள் அந்தப் பாரம் தாங்க முடியாமல் போனதாக ஏமி எழுதியிருக்கிறார். அப்போது வீட்டைச் சுற்றி நின்ற புளியமரங்கள் புளியமரங்களாகத் தெரியவில்லையாம். ஒலிவமரங்களாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் கீழ் இயேசு தனியே முழந்தாளில் இருந்தார். இந்தப் பாரம் அவருடையது, தன்னுடையதல்ல என்று ஏமிக்கு அப்போது விளங்கியது. குழந்தைகளைத் தேடுவது தான்தான், அவர் கூட வருகிறார் என்று அதுவரை நினைத்திருந்தார். தேடுபவர் அவர்தான், தன்னைக் கூட வந்து பக்கத்தில் முழந்தாளிடக் கூப்பிடுகிறார் என்று அன்று கண்டுகொண்டார்.

கெத்சமனே என்றால் எண்ணெய் ஆட்டும் இடம். ஒலிவக் காய்களை நசுக்கிப் பிழியும் இடம். சிசிலியில் வளர்ந்த நமக்கு ஒலிவமரம் பழகிய மரம். புளி கடையில் வாங்கும் கட்டி. நம் அம்மாமாருக்கு அது தலைகீழ். இரண்டு மரங்களையும் ஒன்றாகக் கண்ட அந்தக் காட்சி, இரண்டு ஊர்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது.

குழந்தைகள் சேரச் சேர ஒரு கேள்வி எழுந்தது. நற்செய்தி சொல்ல வந்தவர்கள் துணி துவைத்து, பால் புகட்டி, ஆயா வேலை பார்ப்பதா? ஏமிக்குக் கிடைத்த பதில், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவியது. நெய்யூரில் கைக்குழந்தைகளின் விடுதியைப் பொன்னம்மாள் பொறுப்பேற்று நடத்தினார். அங்கே நோய் பரவிக் குழந்தைகள் இறந்தபோதும் அவர்தான் நின்றார். பின்பு புற்றுநோயால் துன்பப்பட்டு 1915இல் இறந்தார்.

மறு வருடம், 1916இல், ஏழு இளம் பெண்களோடு ஏமி ஒரு ஐக்கியத்தைத் தொடங்கினார். 14ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் கெர்ட் க்ரோட் வழியாக உருவான 'பொது வாழ்வின் சகோதரர்' குழுவின் பெயரைத் தழுவி, 'பொது வாழ்வின் சகோதரிகள்' என்று பெயர் வைத்தார். ஜெபம் உயர்ந்தது, பாத்திரம் கழுவுவது தாழ்ந்தது என்ற பிரிவு அவர்களிடம் இல்லை. 1931இல் ஏமி விழுந்து காயப்பட்டு, இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அந்த 20 வருடமும் வேலையை நடத்தியவர்கள் மற்றவர்கள்தான். 1951இல் அவர் இறந்தபின் கல்லறையில் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் 'அம்மா' என்று எழுதினார்கள்.

சிலுவையின் அருகே மரியாளும் மகதலேனா மரியாளும் இன்னும் சில பெண்களும் நின்றதாகச் சுவிசேஷங்கள் சொல்கின்றன. அந்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஞாயிறு தெரியாது. தேவனின் திட்டம் இது என்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமல் நின்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். அம்மா தேத்தண்ணியோடு வந்து, அந்த அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் கதைத்த அன்ரியும் எழும்பி வந்து மற்றப் பக்கம் இருந்தார். "நான் சொன்னது பிழை எண்டால் மன்னியுங்கோ அக்கா" என்றார். அடுத்த வியாழன் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத்தான் ஆங்கிலம் வரும். பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாம் அன்ரி சொல்லச் சொல்ல எழுதினேன். மற்றவர்கள் சுற்றி இருந்தார்கள்.

இன்றுவரை தகவல் இல்லை. அன்ரியின் கேள்விக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் கர்த்தர் ஆளுகிறார் என்று நம்பிய அந்தப் பெண்கள், கடிதம் எழுதாமல் இருக்கவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் அன்ரிமார் ஜெபிக்கக் கூடும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போகாதீர்கள். கொஞ்ச நேரம் பாயில் போய் இருங்கள். அவர்களுக்கும் எழுதித் தர ஒரு பிள்ளை தேவைப்படலாம்.