டிஜிட்டின் கல்லறைக் கற்கள்: ஒரு திரைக்காட்சியின் மறுவாசிப்பு

மைக்கேல் ஆப்டெட் இயக்கி 1988-இல் வந்த 'கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்' படம் கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸியின் கொலையோடு முடிவதில்லை. அதன்பின் ஒரு சிறு காட்சி வருகிறது. அவரோடு மலையேறி வந்த தடங்காட்டியான செம்பகாரே, ஃபாஸியின் கல்லறையருகே குனிகிறார். சுற்றியிருக்கும் கற்களை நகர்த்திப் பக்கத்திலுள்ள டிஜிட் என்ற கொரில்லாவின் கல்லறையோடு இணைத்து வைக்கிறார்.

அறிவியல் வரலாற்றாய்வாளர் டோனா ஹாரவேயின் வாதத்தை இந்தக் காட்சியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 'பிரைமேட் விஷன்ஸ்' (1989) நூலில் அவர் சிம்பன்சியின் கையும் ஆய்வாளர் ஜேன் குடாலின் கையும் பற்றிக்கொள்ளும் எண்ணெய் நிறுவன விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறார். வெள்ளைக்காரப் பெண்ணும் குரங்கும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சட்டகத்தில் ஆப்பிரிக்க மனிதருக்கு இடமே இல்லை என்று காட்டுகிறார். கூர்மையான வாசிப்பு அது. ஃபாஸியை உலகறியச் செய்த 1970-ஆம் ஆண்டு நேஷனல் ஜியாகிரஃபிக் படங்களுக்கும் பெரிதும் பொருந்தும். ஆனால் அதைத் திரைப்படத்துக்கும் அப்படியே நீட்டினால் கற்களை நகர்த்தும் அந்தக் கைகள் கண்ணில் படாமல் போய்விடும். படம் ஆப்பிரிக்கரை அழிக்கவில்லை, சுருக்குகிறது. இரண்டும் வேறு வேறு குறைகள்.

1967 செப்டம்பரில் கரிசிம்பி, விசோகே மலைகளுக்கிடையே ஃபாஸி தொடங்கிய கரிசோகே முகாம், தடம் பார்த்துக் காட்டும் உள்ளூர்க்காரர்கள் இல்லாமல் ஒரு நாளும் நடந்திருக்காது. தம் 1983-ஆம் ஆண்டு நூலில் அவர்களை ஃபாஸி பெயர் சொல்லியே எழுதுகிறார். அங்கே பலராக இருந்தவர்கள் திரையில் பெரும்பாலும் செம்பகாரே என்ற ஒரே முகமாகிவிட்டார்கள்.

பலர் ஒரே முகமாகும்போது ஃபாஸி மலையில் தனித்து நின்றவராகத் தெரிகிறார். இந்தத் தனிமைச் சித்திரத்தைத் திரைப்படம்தான் உண்டாக்கியதா? ஃபாஸியின் உண்மையான கல்லறைப் பலகை வேறு தடயம் தருகிறது. அதில் முதலில் நிற்பது அவருக்கு உள்ளூரில் வழங்கிய பெயர்: 'நியிர்மச்சபெல்லி'. வேறிடங்களில் 'நியிரமசிபிரி' என்றும் எழுதுகிறார்கள். லகரமும் ரகரமும் இடம் மாறுவது அப்பகுதி மொழிகளில் அரிதல்ல. 'மலையில் தனித்து வாழும் பெண்' என்பதே வழக்கமாகத் தரப்படும் பொருள். 'நியிர' என்ற முன்னொட்டு கின்யருவாண்டா மொழியில் பெண்பெயர்களில் வருவது. ஆனால் மலையைக் குறிக்கும் 'உமுசோசி' என்ற சொல் இந்தப் பெயரில் இல்லை. எனவே வழங்கிவரும் பொருள், மொழிபெயர்ப்பு என்பதைவிட விளக்கமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சான்று மெலிது, ஆயினும், தனிமை என்பது பெயரிலேயே இருந்ததா, விளக்கியவர்கள் ஏற்றியதா என்று கேட்காமல் ஹாரவேயின் வாதத்தையோ அதற்கான மறுப்பையோ முடித்துவிட முடியாது.



படத்தின் உண்மையான மௌனம் வேறிடத்தில் இருக்கிறது. 1985-இல் நடந்த அந்தக் கொலையின் வழக்கில் கைதான ருவாண்டத் தடங்காட்டி ஒருவர் சிறையிலேயே இறந்தார். அமெரிக்க ஆய்வாளர் ஒருவரை, அவர் இல்லாமலேயே விசாரித்து, ருவாண்ட நீதிமன்றம் 1986-இல் குற்றவாளி என்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படம் கொலையாளியை நிழலாக விட்டது. தடங்காட்டியின் கைகளுக்குக் கற்களைக் கொடுத்தது. அதே தொழில் செய்த ஒருவர் சிறைக்குள் இறந்ததைச் சொல்லவில்லை.