சாப்பாட்டு மேசையின் பளபளப்பும் அதைக் காத்த கைகளும்

இடைக்கால ஐரோப்பியக் கூடங்களில் உணவு மேசை என்பது கவைக்கால்களின் மீது பரப்பிய பலகையே ஆகும். உண்டு முடித்ததும் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவதும், உண்ணும் வேளையில் அதன் மீது துணி விரித்து மூடுவதும் வழக்கமாக இருந்ததால், அந்தப் பலகையில் கறை படிகிறதா, கீறல் விழுகிறதா என்று கவலைப்பட எவருக்கும் காரணம் இருக்கவில்லை. மேசையின் மேற்பரப்பைக் காக்க வேண்டும் என்ற எண்ணம், மரமே காட்சிப் பொருளாகவும் செல்வத்தின் அடையாளமாகவும் மாறிய பிறகே வலுப்பெற்றது.

இங்கிலாந்தில் அந்த மாற்றத்துக்கு வழிவகுத்தது ஒரு வரிச்சலுகை. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான இறக்குமதித் தீர்வையைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1721-இல் நீக்கியதும், ஜமைக்காவிலும் பின்னர் ஹோண்டுராஸ் கரையிலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வெட்டித் தந்த மகோகனி மரம் லண்டன் தச்சர்களிடம் பெருமளவில் வந்து சேர்ந்தது. செந்நிறமும் அகன்ற பலகைகளும் கொண்ட அம்மரத்தை விருந்தினர் கண்ணில் படும்படி செய்வதற்கு ஒரு வழக்கமும் துணை நின்றது: செல்வர் வீட்டு விருந்துகளில் முதன்மை உணவு முடிந்ததும் பணியாளர்கள் மேசை விரிப்பை உருவி எடுக்க, பழமும் மதுவும் வெறும் மரத்தின் மீதே பரிமாறப்பட்டன. ஆகவே மது சிந்தினாலும் சூடு பட்டாலும் மங்காத பரப்பு ஒன்று தேவைப்பட்டது.

தொடக்கத்தில் இத்தேவையை நிறைவேற்றியது ஆளி விதை எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து கெட்டிப்படும் இயல்புடைய இவ்வகை எண்ணெய்களை உலரும் எண்ணெய்கள் என்பர். அல்கனெட் என்ற செடியின் வேரைக் கொண்டு இந்த எண்ணெய்க்குச் சிவப்பேற்றி, செங்கற்பொடியோடு சேர்த்து மரத்தில் தேய்க்கும் முறையை, அறைகலன் வடிவமைப்பாளர் தாமஸ் ஷெரட்டன் 1803-இல் வெளியிட்ட தம் அகராதியில் விளக்கியிருக்கிறார். இசபெல்லா பீட்டன் 1861-இல் நூலாக வெளியிட்ட இல்லப் பராமரிப்புக் கையேடு, பணியாளின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், மகோகனி மேசையைப் பல மாதங்கள் நாள்தோறும் எண்ணெயிட்டுத் தேய்த்தால், விரிப்பை மட்டும் போட்டு மிகச் சூடான பாத்திரத்தை வைத்தாலும் தடம் விழாது என்று உறுதி கூறுகிறது. அத்தகைய காப்பு எண்ணெயால் மட்டும் கிடைப்பதில்லை. தன் நேரத்துக்குக் கணக்குக் கேட்க முடியாத ஒரு பணியாளின் உழைப்பும் அதற்கு வேண்டியிருந்தது.

அவ்வளவு காத்திருக்க இயலாதவர்களுக்கு அரக்கு குறுக்குவழியாக அமைந்தது. அரக்கை மதுசாரத்தில் கரைத்துப் பூசும் முறை, ஸ்டாக்கரும் பார்க்கரும் 1688-இல் வெளியிட்ட நூலிலேயே இடம்பெற்றிருந்தாலும், பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் நுட்பம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதின்ம ஆண்டுகளில்தான் இங்கிலாந்தில் பரவியது. கம்பளியைப் பொதிந்த துணிப் பந்தில் அரக்குக் கரைசலை ஊறவைத்து, ஒட்டாமல் வழுக்கிச் செல்ல ஓரிரு துளி எண்ணெய் தொட்டு, வட்டமாகவும் எட்டு வடிவிலும் தேய்த்து, மிக மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதே அதன் செய்முறை. குடிக்க இயலாதபடி கலப்படம் செய்த மதுசாரத்துக்கு 1855-இல் பிரித்தானியச் சட்டம் வரிவிலக்கு அளித்தது இத்தொழிலுக்கு மேலும் உதவியது.

அந்த அரக்கு இந்தியாவிலிருந்து சென்றது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப்பூச்சிகள் சுரக்கும் பிசினைக் கிளையோடு வெட்டியெடுத்ததே கொம்பரக்கு. முதலில் அதிலுள்ள சிவப்புச் சாயத்துக்கும் ஐரோப்பாவில் சந்தை இருந்தது. 1856-க்குப் பின் செயற்கைச் சாயங்கள் பரவியதும் சாயத்தின் மதிப்பு வீழ, பிசினே வணிகத்தின் உயிராயிற்று. மிர்சாபூர் போன்ற இடங்களின் பட்டறைகளில், கழுவிய அரக்கை நீண்ட துணிப்பையில் இட்டுக் கரியடுப்பின் முன் முறுக்கிப் பிழிந்து, உருகி வந்ததைச் சூடு ஆறுமுன் கைகளாலும் கால்களாலும் பற்களாலும் இழுத்துத் தாள்போல் விரித்து, பின்னர் செதில்களாக உடைத்தனர்.

எனினும் இவ்வளவு உழைப்பில் உருவான படலம் சாப்பாட்டு மேசைக்கு ஏற்றதாக இருக்கவில்லை. அரக்கு மதுசாரத்தில் கரையும், நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு வெகு முன்பே இளகும், ஈரம் உட்புகுந்தால் ஒளியைச் சிதறடித்து வெண்ணிற வளையமாகத் தோன்றும். விரிப்பை உருவும் வழக்கம் மெல்ல மறைந்து, மேசையின் மீது தடித்த கம்பளித் துணியும் அதன்மேல் வெள்ளை விரிப்பும் நிலையாக இடம்பிடித்தபோது இக்குறை மறைக்கப்பட்டது. எளிய வீடுகளில் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் பூசிய மெழுகுசீலை அந்த இடத்தைப் பெற்றது. மரத்துக்குள் தேய்க்கப்பட்டு வந்த அதே எண்ணெய் இப்போது மரத்தை மூடும் துணியில் ஏறியது.

20ஆம் நூற்றாண்டில் மேசைப் பரப்பைக் காக்கும் பொறுப்பை வேதியியல் ஏற்றுக்கொண்டது. மின்காப்புப் பொருளாக 1912-இல் அமெரிக்காவில் உருவான ஃபார்மிக்கா, காகித அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திய தகடு. பின்னர் மெலமின் பிசின் சேர்ந்ததும் அது சூட்டையும் கறையையும் தாங்கும் மேசைப் பரப்பாயிற்று. இந்திய வீடுகளில் சன்மைக்கா என்று அறியப்படுவதும் இவ்வகைத் தகடே. ஓட்டோ பாயர் குழுவினர் 1937-இல் ஜெர்மனியில் கண்டறிந்த பாலியூரித்தேனும் காலப்போக்கில் மரப் பூச்சாக வந்து சேர்ந்தது.

பணியாளர் இல்லாத, குழந்தைகள் நாள்தோறும் உண்ணும் குடும்பங்களுக்கு இவை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்ற விடுதலையைத் தந்தன. ஆனால் அரக்கின் மீது புதிய அரக்கைப் பூசினால் பழைய படலம் கரைந்து ஒன்றாகிவிடும்; கெட்டிப்பட்ட பாலியூரித்தேனில் அவ்வாறு நிகழாததால், ஆழமாகச் சேதமுற்ற பூச்சைப் பெரும்பாலும் முழுவதுமாகச் சுரண்டியே நீக்க வேண்டும். எண்ணெயும் அரக்கும் காலமெல்லாம் சிறுகச் சிறுக உழைப்பைக் கேட்டு மேசையைத் தலைமுறைகளுக்குப் புதுப்பித்தன. நவீனப் பூச்சுகள் அன்றாட உழைப்பைத் தொழிற்சாலையிடம் ஒப்படைத்து, பழுதுபார்க்கும் எளிமையை விலையாகப் பெற்றன.